பியானோவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி

சென்னையில் ஒரு குழந்தையைப் பியானோ வகுப்பில் சேர்ப்பது இன்று பெரிய காரியமில்லை. பேட்டைக்குப் பேட்டை கீபோர்டு வகுப்பு இருக்கிறது. லண்டன் டிரினிட்டி காலேஜின் கிரேடு பரீட்சைக்குத் தயார்செய்யும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் வசதி இருந்தால் வீட்டுக்கே வந்து சொல்லித்தருகிறவர்கள் கிடைக்கிறார்கள். குழந்தைக்கு ஐந்தாறு வயது. வாரத்தில் ஒரு நாள், அரை மணியோ முக்கால் மணியோ பாடம். சேருகிற வேகத்திலேயே பலர் ஒன்றிரண்டு வருஷத்தில் நின்றும் போகிறார்கள். நிற்கும்போது பெற்றோர் சொல்லும் காரணம் அநேகமாக ஒன்றுதான்: “இன்ட்ரஸ்ட் போயிடுச்சு மிஸ்.” வகுப்பறைக்குள்ளும், குழந்தைகள் பயிற்சி செய்யும் வீட்டுக் கூடங்களிலும் பல வருஷம் இருந்து பார்த்த பிறகு அந்தக் காரணத்தை நான் ஏற்பதில்லை. ஆர்வம் கடைசியில்தான் போகிறது. போன வாரம் வராதது இந்த வாரமும் வரவில்லை என்ற வருத்தம் அதற்கு முன்பே வாரக்கணக்கில் குழந்தைக்குள் சேர்ந்திருக்கிறது. என் முடிவு இதுதான்: சிறு குழந்தை பியானோ கற்பது வீட்டில், வகுப்பில் அதற்கு வழி காட்டப்படுகிறது. வீட்டிலோ அந்தக் குழந்தையால் தனியாகக் கற்க முடியாது. முதல் இரண்டு மூன்று வருஷத்துக்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். எப்படி உட்கார வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தருவது வகுப்பின் வேலை.

தனியாக ஏன் முடியாது என்பதைத்தான் முதலில் விளக்க வேண்டும். “போய் பிராக்டிஸ் பண்ணு” என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் பயிற்சி செய்வதே ஒரு தனி வித்தை. வாசித்துக்கொண்டிருக்கும்போதே தப்பைக் காதில் வாங்க வேண்டும். அது எந்த இடத்தில் வந்தது என்று பிடிக்க வேண்டும். விரலால் வந்ததா, தாளத்தால் வந்ததா, நோட்டைத் தப்பாகப் படித்ததால் வந்ததா என்று பிரித்தறிய வேண்டும். அந்த இடத்தை மட்டும் தனியே எடுத்து, வேகத்தைக் குறைத்து, சரியாக வரும்வரை திரும்ப வாசிக்க வேண்டும். பிறகு அதை முன்னும் பின்னும் சேர்த்துத் தைக்க வேண்டும். கல்லூரியில் பியானோ படிப்பவர்களே திணறுகிற வேலை இது. ஆறு வயதுக் குழந்தை என்ன செய்கிறது? முதலிலிருந்து தொடங்குகிறது, ஐந்தாவது பாரில் இடறுகிறது, உடனே முதலுக்கு ஓடிவிடுகிறது. நோட்டேஷனில் இரண்டு நெட்டுக்கோடுகளுக்கு நடுவே வரும் தாள அளவைத்தான் பார் என்கிறோம். பத்து முறை இப்படி வாசித்தால் முதல் நான்கு பார்கள் பத்து முறை சரியாகப் பழகுகின்றன. ஐந்தாவது பார் பத்து முறை தப்பாகப் பழகுகிறது. வாசலை மட்டும் தினமும் கூட்டிப் பெருக்கி உள்ளறையைத் தொடாத வீடுபோல ஆகிவிடுகிறது அந்தப் பாட்டு. ஆஸ்திரேலியாவில் கேரி மெக்பர்சனும் ஜேம்ஸ் ரென்விக்கும், ஊதுகருவி கற்கத் தொடங்கிய சிறுவர்கள் வீட்டில் பயிற்சி செய்வதை வீடியோ எடுத்து ஆராய்ந்து 2001-இல் வெளியிட்டார்கள். பயிற்சி நேரத்தின் மிகப் பெரும்பகுதி, பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதிலேயே கழிந்திருந்தது. கருவி வேறு, ஊர் வேறு. பழக்கம் மட்டும் நம் குழந்தைகளுடையதேதான்.

இன்னொரு ஆய்வும் இதோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டியூக்கும் அவருடன் இருந்தவர்களும், தேர்ந்த பியானோ மாணவர்கள் 17 பேரிடம் ஷொஸ்தகோவிச்சின் ஒரு கான்செர்ட்டோவிலிருந்து சிறு பகுதி ஒன்றைக் கொடுத்துப் பயிலச் சொன்னார்கள். மறுநாள் வாசிக்கவைத்துத் தரம் பிரித்தார்கள். எவ்வளவு நேரம் பயின்றார்கள், எத்தனை முறை வாசித்தார்கள் என்பதற்கும் மறுநாள் வாசிப்பின் தரத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. தப்பு வந்ததும் அதன் மூலத்தைக் கண்டு, அந்த இடத்தில் நின்று, மெதுவாக்கிச் சரிசெய்தவர்களே மேலே வந்தார்கள். 2009-இல் வந்த இந்த ஆய்வை எண்ணிப் பார்க்கும்போது, “தினமும் அரை மணி வாசிக்கிறான், ஆனாலும் வரமாட்டேன் என்கிறதே” என்று கவலைப்படும் தாய்க்கு என்ன பதில் சொல்வது என்பது தெளிவாகிறது. அரை மணி போதாமல் இல்லை. அந்த அரை மணிக்குள் தப்பு எங்கே இருக்கிறது என்று காட்ட ஆள் இல்லை.

பழைய காலத்தில் இந்தச் சிக்கல் எழவில்லை, ஏனென்றால் அப்போது வகுப்பும் வீடும் ஒன்றாகவே இருந்தன. ஜோஹான் செபாஸ்டியன் பாக் 1720-இல் தன் ஒன்பது வயது மூத்த மகன் வில்ஹெல்ம் ஃபிரீடமனுக்காக ஒரு பயிற்சி நோட்டுப் புத்தகத்தைத் தொடங்கினார். எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று மேலே எண் போட்ட சிறு பாடம் ஒன்று அதன் தொடக்கத்திலேயே இருக்கிறது. லியோபோல்ட் மோட்சார்ட் தன் மகள் நானர்லுக்காக 1759-இல் ஒரு புத்தகம் தொகுத்தார். தம்பி வுல்ஃப்காங்கும் அதிலிருந்தே கற்றான். அந்தப் புத்தகத்தில் தகப்பனார் தன் கையால் எழுதிய குறிப்புகள் உண்டு: 1761 ஜனவரியில், ஐந்தாம் பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன்பு, இன்ன பாடத்தை இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் சிறுவன் கற்றான் என்று நாளும் நேரமும் குறித்திருக்கிறார். மோட்சார்ட்டின் மேதைமைக்குச் சான்றாகவே இதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் தெரிவது வேறொன்று: ஒரே ஒரு சிறு பாடம், அரை மணிக்குள், பக்கத்தில் தகப்பன். ஷூமன் 1848-இல் எழுதிய சிறுவர்களுக்கான பியானோத் தொகுப்பு, மூத்த மகள் மரீயின் ஏழாம் பிறந்தநாளுக்கு எழுதிய சில பாட்டுகளிலிருந்து வளர்ந்தது. பார்டோக்கின் மிக்ரோகோஸ்மோஸ் 153 பாடங்களோடு ஆறு பாகங்கள் கொண்டது. முதல் இரண்டு பாகங்களை மகன் பீட்டருக்குச் சமர்ப்பித்தார். இன்று வகுப்பில் சொல்லித்தருகிற குழந்தைப் பாடங்களில் எவ்வளவோ, இப்படி ஒரு வீட்டுக்குள் ஒரு குழந்தைக்காகப் பிறந்தவை. நம் பக்கத்துக் குருகுலத்திலும் இதேதான். சீடன் விடியற்காலையில் சாதகம் செய்யும்போது உள்ளே இருந்த குருவின் காது அதைக் கேட்டுக்கொண்டே இருந்தது. சுருதி விலகினால் அங்கிருந்தே குரல் வந்துவிடும். வாரம் ஒருமுறை ஆசிரியர் வீட்டுக்குப் போய்வருவது என்ற ஏற்பாடு வந்தபோது அந்தக் காது ஆறு நாட்களுக்கு இல்லாமல் போயிற்று. ஏற்பாட்டை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். அந்த ஆறு நாள் இடைவெளியை யார் நிரப்புவது என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

ஜப்பானில் ஷினிச்சி சுசுகி இதை நேராகவே எதிர்கொண்டார். வயலினுக்காக அவர் வகுத்த முறையில் தாயோ தகப்பனோ வகுப்புக்குள் வந்து உட்கார்ந்து, ஆசிரியர் சொல்வதை எழுதிக்கொண்டு, வீட்டில் அதையே தினமும் குழந்தையோடு செய்ய வேண்டும். மட்சுமோட்டோவில் ஹருகோ கடாயோகா அந்த முறையைப் பியானோவுக்குக் கொண்டுவந்தார். சுசுகி முறையில் எனக்கு உடன்பாடில்லாத விஷயங்களும் உண்டு. குறிப்பாக, நோட்டேஷன் படிக்கச் சொல்லித்தருவதைத் தள்ளிப்போடுவது நம் ஊர்ப் பரீட்சை வழியில் போகும் குழந்தைகளுக்குப் பிறகு இடைஞ்சலாகிறது. ஆனால் மூன்று பேர் சேர்ந்தால்தான் ஒரு சிறு குழந்தையின் பாடம் முழுமையாகும் என்ற அடிப்படையில் அவர் சொன்னது சரி.

பக்கத்தில் உட்காருகிறவர் என்னதான் செய்வார்? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் காரியம் இங்கேதான் இருக்கிறது. முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கான ஸ்டூலில் குழந்தையை உட்காரவைத்தால் ஒன்று முழங்கை கட்டைகளுக்குக் கீழே தொங்கும், இல்லாவிட்டால் கால் அந்தரத்தில் ஆடும். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தரைக்கு இணையாக வரும்படி மடித்த போர்வையோ தலையணையோ போட்டு உயர்த்தி, காலுக்குக் கீழே ஒரு மணைக்கட்டை வைத்தால் பாதி வேலை முடிந்தது. கால் ஊன்றாத குழந்தைக்குத் தோள் இறுகிவிடும், தோள் இறுகினால் விரல் வளையாது. நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் இதில் சேர்த்தி. நகம் நீண்டிருந்தால் விரலைத் தட்டையாக வைத்துத்தான் அழுத்த முடியும். பியானோவில் ஒரு வெள்ளைக் கட்டை ஏறக்குறைய இரண்டே கால் சென்டிமீட்டருக்குச் சற்று அதிக அகலம். ஆறு வயதுக் கை ஓர் ஆக்டேவை எட்டாது. ஆகையால் ஆரம்பப் பாடங்கள் ஐந்து விரலுக்கு ஐந்து கட்டை என்ற எல்லைக்குள் இருக்கின்றன. கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து. புத்தகத்தில் மூன்று என்று போட்டிருந்தால் நடுவிரல்தான் வர வேண்டும். ஒருமுறை நடுவிரல், அடுத்தமுறை ஆள்காட்டி விரல் என்று மாறினால் காதுக்கு ஒரே சுரம்தான் கேட்கும். கைக்கு அது ஒவ்வொரு தடவையும் புதுப் பாட்டு, எதுவும் பதியாது. பாக் தன் மகனுக்கு விரல் எண் போட்டுக் கொடுத்தது வீணில்லை.

பிறகு பாட்டைச் சிறிதாக்க வேண்டும். முழுப் பாட்டையும் வாசி என்று சொல்லாமல், இன்றைக்கு இந்த இரண்டு பார், வலது கை மட்டும் என்று சொல்ல வேண்டும். வாசிப்பதற்கு முன் கைதட்டித் தாளத்தைச் சொல்லவைக்கலாம். ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே தட்டுகிற குழந்தைக்கு நீண்ட சுரத்தைக் குறுக்கிவிடும் பழக்கம் வராது. சுரத்தின் பெயரைச் சொல்லிப் பாடவைக்கலாம். வலது கை வந்த பிறகு இடது கை, இரண்டும் தனித்தனியாக வந்த பிறகே சேர்த்து. சேர்க்கும்போது வேகம் பாதிக்குப் பாதி குறைய வேண்டும். நம் வீடுகளுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது: சரளி வரிசையை முதல் காலத்தில் நிலைநிறுத்திய பிறகே இரண்டாம் காலத்துக்குப் போவது நமக்குத் தெரிந்த ஒழுங்குதானே. தொடர்ந்து மூன்று முறை சரியாக வந்தால் இடப்பக்கம் இருக்கும் மூன்று புளியங்கொட்டைகளும் வலப்பக்கம் போகும், நடுவில் ஒருமுறை தப்பினால் மூன்றும் திரும்பி வரும் என்ற சின்ன விளையாட்டு, மெதுவாக வாசிப்பதன் பயனை எந்த உபதேசத்தையும்விட வேகமாகக் கற்பிக்கிறது. அவசரப்பட்டால் கொட்டை திரும்புகிறது என்று குழந்தையே கண்டுகொள்கிறது. பாட்டின் கடைசி இரண்டு பார்களில் தொடங்கிப் பின்னாலிருந்து முன்னால் சேர்த்துக்கொண்டு வருவதும் நல்ல வழி. அப்படிப் பழகிய குழந்தை போகப்போகத் தெரிந்த இடத்தை நோக்கி வாசிக்கிறது. முடிவு நெருங்க நெருங்கக் கை நடுங்குவதில்லை.

“எங்களுக்குச் சங்கீதமே தெரியாதே” என்பதுதான் நான் அதிகம் கேட்ட ஆட்சேபம். மேலே சொன்னவற்றில் எதற்குச் சங்கீதம் தெரிய வேண்டும்? எண் படிக்கத் தெரிந்தால் விரலைப் பார்க்கலாம், எண்ணத் தெரிந்தால் தாளத்தைப் பார்க்கலாம், ஒரே பாட்டை ஒரு வாரம் கேட்டவருக்கு எங்கே தட்டுகிறது என்று காதே சொல்லிவிடும். 1996-இல் ஜான் ஸ்லோபோடா, ஜேன் டேவிட்சன் முதலிய ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் இசை கற்ற 257 இளையவர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வுகளில், நன்றாக முன்னேறியவர்களின் பெற்றோர் ஆரம்ப வருஷங்களில் வகுப்பிலும் பயிற்சியிலும் அதிகம் கலந்துகொண்டிருந்தார்கள் என்று தெரிந்தது. அவர்களில் பலர் தாங்கள் கருவி வாசிப்பவர்கள் இல்லை. உண்மையில், சங்கீதம் நன்றாகத் தெரிந்த வீட்டில் வேறொரு சிரமம் வருகிறது. கர்நாடக சங்கீதம் கற்ற தாய், சி கட்டையை ‘ச’ என்றே சொல்லித்தருகிறார். அதே குழந்தை பாட்டு வகுப்பில் ஐந்து கட்டை சுருதியில் பாடும்போது ஜி தான் ‘ச’ ஆகிறது. அங்கே ‘ச’ பாடுகிறவரின் சுருதியோடு நகர்வது, இங்கே சி தன் இடத்தைவிட்டு நகராதது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் ஏழு வயதுக் குழந்தைக்குக் கட்டைகள் எல்லாம் குழம்பிவிடும். பாடும்போது சரிகம, கட்டையைத் தொடும்போது சி டி ஈ என்று பிரித்து வைத்தால் இரண்டு ஞானமும் ஒன்றுக்கொன்று உதவும். தெரியாத பெற்றோருக்கு இந்தத் தொல்லை இல்லை. குழந்தையோடு சேர்ந்து அவர்களும் ஸ்டாஃப் நோட்டேஷன் படிக்கக் கற்றுக்கொண்டால் போதும். “இது என்ன நோட், எனக்குச் சொல்லிக்கொடு” என்று தாய் கேட்கும்போது குழந்தைக்கு வருகிற பெருமிதம் எந்த ஆசிரியராலும் தர முடியாதது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. பக்கத்தில் உட்காருவது கண்காணிப்பாகி, கண்காணிப்பு அதட்டலாகி, கடைசியில் குழந்தை பியானோவையே வெறுத்துவிடாதா என்கிறார்கள். வெறுத்துவிடும், அப்படி நடக்கிற வீடுகள் இருக்கின்றன. ஆனால் அங்கே வெறுப்பை உண்டாக்குவது அதட்டல், உடனிருப்பு அல்ல. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் புளூம், பல துறைகளில் உச்சத்துக்குப் போனவர்களின் இளமைக் காலத்தை ஆராய்ந்து 1985-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் கச்சேரி பியானிஸ்டுகளைப் பற்றிய பகுதியை எழுதியவர் லாரன் சோஸ்னியாக். அந்த பியானிஸ்டுகளில் பலருடைய முதல் ஆசிரியர்கள் பெரிய வித்வான்கள் இல்லை. அன்பானவர்கள், பாடத்தை மகிழ்ச்சியாக்கியவர்கள். அந்தக் கனிவு வகுப்பில் இருந்தால் போதாது, வீட்டு நாற்காலிக்கும் அது வேண்டும். அதற்குச் சில வரம்புகளை நாமே போட்டுக்கொள்ளலாம். ஆறு வயதுக்குப் பத்து, பதினைந்து நிமிஷம் போதும். களைப்பு தெரிந்தால் முன்பே நிறுத்திவிடலாம். தினமும் ஒரே நேரம்: சாயந்திரம் பால் குடித்த பிறகு, விளையாடப் போகுமுன் என்று வைத்துக்கொண்டால் நேரத்துக்காகத் தினமும் சண்டை போட வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக ஒன்றரை மணி நேரம் உட்காரவைப்பதைவிடத் தினமும் பத்து நிமிஷம் பன்மடங்கு மேல். இடைவெளி விட்டுப் படித்தது நிற்கும் என்று எபிங்ஹவுஸ் 1885-லேயே காட்டிவிட்டார். பாராட்டும்போது “சூப்பர்” என்று பொதுவாகச் சொல்லாமல், “நேத்து அந்த இடத்துல நாலாவது விரல் வரலை, இன்னிக்கு வந்துடுச்சு பாரு” என்று சொல்ல வேண்டும். தன்னை ஒருவர் உன்னிப்பாகக் கேட்கிறார் என்று தெரிந்த குழந்தை தானும் உன்னிப்பாகக் கேட்கத் தொடங்குகிறது. தனியாக ஓர் அறையில் அடைத்து “அரை மணி ஆகாமல் வெளியே வராதே” என்று சொல்வதுதான் எனக்குக் கொடுமையாகத் தோன்றுகிறது. அதைச் சுதந்திரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

“திறமை இருந்தால் தானாக வரும், இல்லாவிட்டால் எத்தனை நாற்காலி போட்டு என்ன பயன்” என்பது மூன்றாவது. 2019-இல் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பியானோ வாசித்து உலகப் பரிசு வென்றபோது இந்த எண்ணம் இன்னும் வலுத்தது. அந்த விரல் வேகத்தைப் பார்த்தவர்கள் அது பிறவி வரம் என்றார்கள். அவருடைய தகப்பனார் இசையமைப்பாளர் என்பதையும், இசையே மூச்சாக இருந்த வீட்டில் அவர் வளர்ந்தார் என்பதையும் அவ்வளவாக யாரும் பேசவில்லை. பிறவித் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. காதும் கையும் குழந்தைக்குக் குழந்தை வேறுபடுவது வகுப்பில் முதல் நாளே தெரியும். ஆனால் மேலே சொன்ன இங்கிலாந்து ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு: ஒரு கிரேடிலிருந்து அடுத்த கிரேடுக்குப் போக, மேலே வந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் தேவைப்பட்ட மொத்தப் பயிற்சி ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. மேலே வந்தவர்கள் அதைக் குறைந்த காலத்துக்குள் செய்துமுடித்தார்கள், அவ்வளவே. இங்கே படித்தவர்கள் நியாயமாக ஒரு கேள்வி கேட்பார்கள்: நன்றாக வாசிக்கிற குழந்தையின் பக்கத்தில் உட்காரத்தானே பெற்றோருக்கும் பிடிக்கும், ஆகவே உடனிருப்பு காரணமா, விளைவா? இந்த ஆய்வுகளை மட்டும் கொண்டு அதைத் தீர்க்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தப்பை ஒருவர் சுட்டிக்காட்டாதபோது குழந்தை என்ன செய்கிறது, காட்டும்போது என்ன செய்கிறது என்பது ஒரே குழந்தையிடம், ஒரே பாட்டில், ஒரே வாரத்தில் பார்க்கக் கிடைக்கிற வேறுபாடு. அந்த வேறுபாட்டுக்குத் திறமையைக் காரணம் சொல்ல இடமில்லை. நடுத்தரக் காதும் நிதானமான வீடும் அமைந்த குழந்தைகள், கூர்மையான காதிருந்தும் தனியே விடப்பட்ட குழந்தைகளைத் தாண்டிப் போவதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் இந்த எண்ணத்துக்கு வந்தேன்.

நேரமில்லை என்பதை நான் ஆட்சேபமாக எடுத்துக்கொள்வதில்லை, கஷ்டமாகவே எடுத்துக்கொள்கிறேன். இருவரும் வேலைக்குப் போய் எட்டு மணிக்கு வீடு திரும்புகிற குடும்பத்தில் பதினைந்து நிமிஷம் என்பதும் பெரிய தொகைதான். அங்கே பாட்டியோ தாத்தாவோ உட்காரலாம், மூத்த அக்கா உட்காரலாம். வகுப்பு நோட்டில் இந்த வாரத்து வேலை தெளிவாக எழுதியிருந்தால் யாரும் செய்யலாம். எல்லா நாளும் முடியாவிட்டால் வாரத்தில் நான்கு நாள். கருவி விஷயத்திலும் பெற்றோர் வீணாகத் தயங்குகிறார்கள். நல்ல மரப் பியானோ விலை அதிகம், சென்னையின் உப்புக்காற்றுக்கும் ஈரத்துக்கும் சுருதி நிற்பது சிரமம், ஃபிளாட்டில் வைக்க இடமுமில்லை. தொடக்கத்துக்கு 61 கட்டை கீபோர்டு போதும். மெதுவாகத் தொட்டால் மெதுவாகவும் அழுத்தினால் உரக்கவும் ஒலிப்பதாக மட்டும் இருக்கட்டும். இரண்டு வருஷம் நிலைத்தால் எடையுள்ள கட்டைகள் கொண்ட 88 கட்டை டிஜிட்டல் பியானோ வாங்கலாம். ஹெட்ஃபோனை மட்டும் குழந்தையிடம் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று மாட்டிவிடுகிறார்கள். அப்புறம் வீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்பது கட்டையின் டக் டக் ஓசை மட்டும்தான். கேட்கும் காது ஒன்று வேண்டும் என்பதற்காகத்தானே இவ்வளவும்.

வீட்டைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு வகுப்பைச் சும்மா விட முடியாது. பல வகுப்புகளில் பெற்றோரை வாசலோடு நிறுத்திவிடுகிறார்கள். குழந்தையின் கவனம் சிதறும் என்பது காரணம். சில குழந்தைகளுக்கு அது உண்மையே. அதற்காக வருஷம் முழுக்கக் கதவைச் சாத்திவைத்துவிட்டு, “வீட்ல பிராக்டிஸே பண்றதில்ல” என்று குறைசொல்வது நியாயமில்லை. அரை மணிப் பாடத்தில் கடைசிப் பத்து நிமிஷத்துக்குப் பெற்றோரை உள்ளே அழைத்து, வீட்டில் செய்ய வேண்டியதைக் குழந்தையை அவர்கள் முன்னாலேயே செய்யவைத்துக் காட்ட வேண்டும். அதற்காகப் புதுப்பாடம் ஒன்று குறைந்தாலும் பாதகமில்லை. ‘பக்கம் 14 பிராக்டிஸ்’ என்று நோட்டில் எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. பக்கம் 14, மூன்றாவது நான்காவது பார், இடது கை, எண்ணிக்கொண்டே, மெதுவாக, தினமும் மூன்று முறை என்று எழுதினால் அது பாட்டிக்கும் புரியும். பரீட்சை விஷயமும் இதில் சேர்ந்ததுதான். கிரேடு பரீட்சைக்குப் பொதுவாக மூன்று பாட்டுகள், ஸ்கேல்கள், காதுப் பயிற்சி என்று வரும். நல்ல அளவுகோல் அது, குழந்தைக்கு ஓர் இலக்கும் தருகிறது. ஆனால் அந்த மூன்று பாட்டுகளை மட்டுமே வருஷம் முழுக்க அரைத்துக்கொண்டிருந்தால் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிய குழந்தை, புதிதாக ஒரு எளிய பாட்டைப் பார்த்து வாசிக்கத் தெரியாமல் நிற்கிறது. அதைத் தேர்ச்சி என்று என்னால் சொல்ல முடியாது. பரீட்சைப் பாட்டோடு கூடவே, ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடக்கூடிய சின்னச் சின்னப் பாட்டுகள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி ஒரு பாட்டை முடித்த சந்தோஷம் அடுத்த வாரத்துக்கும் குழந்தையைக் கொண்டுபோகும்.

இந்த உடனிருப்பு என்றென்றைக்கும் இல்லை. எட்டு, ஒன்பது வயதில் “இன்னிக்கு எதை முதல்ல எடுக்கலாம்?” என்று குழந்தையையே கேட்கத் தொடங்கலாம். எங்கே தப்பு வந்தது என்று நாம் சொல்வதற்கு முன் அது சொல்லட்டும். கொஞ்ச நாளில் அறையின் மறுபக்கம் போய் உட்காரலாம், பிறகு அடுக்களையிலிருந்து கேட்டால் போதும். விலகுவதற்கு வயதைவிட நம்பகமான அடையாளம் ஒன்று உண்டு: தப்பு வந்த இடத்தில் குழந்தை தானாக நின்று, அந்த ஒரு பாரை மட்டும் திரும்ப வாசித்துவிட்டு மேலே போகிறதா என்று பாருங்கள். அது வந்துவிட்டால் பயிற்சி செய்யக் கற்றுக்கொண்டுவிட்டது. வராமலே விலகிவிட்டால், பதின்மூன்று வயதில் எவ்வளவு வற்புறுத்தினாலும் வராது. அந்த வயதில் வற்புறுத்தல் சண்டையில்தான் முடியும். ஆகையால் குழந்தையை இப்போதுதான் வகுப்பில் சேர்த்திருக்கும் பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம், “இந்த வாரம் நாங்க வீட்ல எந்த ரெண்டு பாரைப் பார்க்கணும், எப்படிப் பார்க்கணும்?” என்று கேளுங்கள். பதில் சொல்ல நேரமில்லாத ஆசிரியராக இருந்தால் வேறு ஆசிரியரைத் தேடுங்கள். சொல்பவராக இருந்தால் அதை எழுதிக்கொண்டு வந்து, அன்று சாயந்திரமே குழந்தையின் பக்கத்தில் உட்காருங்கள்.